இறங்கத் தெரிந்த வண்டி

தேவாரத்தில் வண்டி வாங்குகிறவர் யாரானாலும் மேற்கே ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் விலை பேச உட்காருவார். ஊருக்குப் பின்னாலேயே மலை. மலைக்கு மேலே ஏலத்தோட்டம். எங்கள் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு அங்கேயிருந்துதான் இறங்கி வருகிறது. சாக்கலூத்து மெட்டு வழியாக நடந்து ஏறினால் உடும்பஞ்சோலைப் பக்கம் போய்விடலாம். ஆனால் அது காலால் போகிற பாதை. ரோடு போட்டுத் தாருங்கள் என்று தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். சக்கரம் வைத்த எதுவும் மேலே போக வேண்டுமானால் வடக்கே போடி போய்ப் போடிமெட்டு ஏற வேண்டும்; இல்லையென்றால் தெற்கே கம்பம் போய்க் கம்பம்மெட்டு ஏற வேண்டும். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். போடியில் கிளம்பி மெட்டில் போய் நிற்கும்போது ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர்ந்திருப்போம். அந்த ஆயிரம் மீட்டரையும் திரும்ப இறங்கியாக வேண்டும்.

ஏறுவதைப் பற்றிக் கேட்கிறவர்கள்தான் அதிகம். "இந்த வண்டி இழுக்குமா?" என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வி. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் டென்வர் பக்கம் குடியிருக்கிற என் அக்கா மகனும் அதையேதான் கேட்டான். அவன் ஒரு டிராவல் டிரெய்லர் வாங்கப் போகிறான். அதாவது சக்கரத்தின் மேல் ஒரு வீடு: படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கக்கூஸ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். அதைப் பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு, பிள்ளைகளோடு மலைக்குப் போய் நாலு நாள் தங்கி வருவது. வீடு முடிவாகிவிட்டது. இழுக்கிற வண்டிதான் முடிவாகவில்லை. அவன் தாத்தா, அதாவது என் அப்பா, மலைக்கு ஜீப் ஓட்டியவர். அந்த உரிமையில் என்னிடம் கேட்டான். எனக்கு அதில் அத்தனை சந்தோஷம்.

வீட்டை வண்டியில் கட்டிக்கொண்டு மலைக்குப் போவது எங்களுக்குப் புதிதில்லை. ஆடி, ஆவணியில் ஏலத்தோட்டத்தில் காயெடுப்பு தொடங்கினால் தை, மாசி வரைக்கும் ஓடும். ஒரே செடியில் காய் ஒன்றாக விளையாது. எடுத்த செடிக்கே சில வாரம் கழித்து மறுபடி வந்து எடுக்க வேண்டும். அதனால் அந்தக் காலத்தில் பல குடும்பங்கள் தினமும் போய் வராமல், சீசன் முழுக்கத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் தங்கிவிடுவார்கள். எங்கள் ஜீப்பில் அப்படிப்பட்ட குடும்பங்களை ஏற்றிப் போவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அலுமினியச் சட்டிகள், பாய், கம்பளி, மண்ணெண்ணெய் அடுப்பு, அரிசி மூட்டை, குழம்புப்பொடி டப்பா, கால் கட்டிய கோழி, கைப்பிள்ளைக்குத் தொட்டில் கட்ட ஒரு பழைய சேலை. மொத்த வீடும் அதுதான். அவர்களுக்கு அது பிழைப்பு. மலையில் மழை விடாது, லயத்துச் சுவர் ஒழுகும், அட்டைக்கடி உண்டு. அவர்களை ஏற்றிப் போன ஜீப்காரரின் பேரன்தான் இன்றைக்குச் சொந்தக் காசைக் கொடுத்து, ஆசைப்பட்டு, வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு மலைக்குப் போகிறான். நம் ஜனங்களுக்கு இது வாய்த்ததே என்றுதான் நினைக்கிறேன்.

ஜீப் வருவதற்கு முன்னால் இந்த மலையில் சுமை எப்படிப் போயிற்று, வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தலைச்சுமை, கழுதை, மாடு. லெனின் பாரதி எடுத்து 2018-இல் வந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த நடை தெரியும். மூணாறு பக்கத்துத் தேயிலைக்காரர்கள் 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் சுமையில் பெரும்பகுதி அந்த ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடுகிற சிறு சக்கரங்களில் உட்காரும், சாயாமல் பிடித்துக்கொள்ள ஒரு பெரிய சக்கரம் பக்கத்து மண்ணில் உருளும், இழுப்பது காளை. 1908-இல் அதை எடுத்துவிட்டு இரட்டைத் தண்டவாளத்தில் சின்ன ரயில் விட்டார்கள். அந்த ரயில் வந்து நின்ற மலை விளிம்புதான் டாப் ஸ்டேஷன். அங்கேயிருந்து கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகள் எப்படி இறங்கின தெரியுமா? கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு. கொட்டகுடியிலிருந்து போடிக்கு மாட்டு வண்டி. மேலே சமதளமாகக் கிடைத்த இடத்தில் சக்கரத்தை நம்பியவர்கள், மலை செங்குத்தாக விழுகிற இடத்தில் சக்கரத்தை நம்பவில்லை. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. போடிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்தது 1928-இல். இறக்கத்துக்கு அன்றைக்கு அவர்கள் கொடுத்த மரியாதை எனக்கு இன்றைக்கும் பெரிதாகப் படுகிறது.

அப்பா ஜீப் வாங்கின கதைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் முதலில் ஓடியவை மூக்கு உயர்ந்த பழைய பெட்ரோல் ஜீப்புகள். மஹிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கியது நாற்பதுகளின் கடைசியில். பெட்ரோல் விலை ஏற ஏற, ஜீப்பை வாங்கி எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றுவது ஒரு தொழிலாகவே நடந்தது. எண்பதுகளில் பூஜோ டீசல் எஞ்சினோடு எம்.எம். 540 வந்தது. அதன் சக்தி 60 குதிரைத்திறனைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இன்றைக்கு ஒரு சாதாரணக் கார் அதைவிடப் பலசாலி. ஆனால் அந்த ஜீப்பில் நாலு சக்கரமும் இழுக்கும். கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி லீவர் உண்டு. அதை லோவில் போட்டால் வண்டி மனிதன் நடக்கிற வேகத்தில் எந்த மேட்டிலும் ஏறும், எந்தப் பள்ளத்திலும் இறங்கும்.

அப்பா பழைய ஜீப் ஒன்றைப் பார்க்கப் போனபோது கூடவே ஒரு மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு போனார். நானும் போயிருந்தேன். விற்கிறவர் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு எஞ்சின் பெருமை பேசிக்கொண்டிருந்தார். மேஸ்திரி அந்தப் பக்கமே போகவில்லை. பின்னால் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்மை உருவினார். லைனர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, வீல் சிலிண்டரில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, டிரம்மின் உள்முகத்தில் வெயிலில் வெடித்த வயல் மாதிரி மெல்லிய கீறல்கள் இருக்கின்றனவா என்று விரல் நகத்தால் தடவிப் பார்த்தார். பிறகு பின் ஸ்பிரிங் பட்டைகளை எண்ணினார். கூடுதலாகப் பட்டை சேர்த்திருந்தால் அந்த வண்டி ஓவர்லோடு அடித்த வண்டி; சேஸ் எங்கேயாவது விரிசல் விட்டிருக்கும், தேடிப் பார்க்க வேண்டும். கடைசியாக, வண்டியை மலையடியில் இருக்கிற முந்தலைத் தாண்டி ஏற்றிக்கொண்டு போய், திருப்பி, இரண்டாவது கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரை விட்டார். பிரேக்கைத் தொடவில்லை. இறக்கத்தில் வண்டி எஞ்சினைத் தள்ளும். கியர்பாக்ஸ் தேய்ந்திருந்தால் அந்தத் தள்ளலில்தான் கியர் நழுவி நியூட்ரலுக்கு வரும். ஏற்றத்தில் எத்தனை தடவை ஓட்டினாலும் அந்தக் குறை தெரியாது. மேஸ்திரி கியர் கம்பியின் தலையில் உள்ளங்கையைப் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டு, நாலு வளைவு இறங்கி வந்தார். கம்பி அதிர்ந்ததே தவிர நழுவவில்லை.

"எடுக்கலாம்ணே. ஏத்தத்துல நின்னு போச்சுன்னா கட்டையக் குடுத்துட்டு நிக்கலாம். எறக்கத்துல நழுவுச்சுன்னா நிக்க எடமில்ல."

அன்றைக்கு அந்த வண்டியின் எந்த அளவும் எங்கள் கையில் எழுத்தாக இல்லை. எத்தனை கிலோ தாங்கும், எத்தனை டிகிரிச் சரிவு இறங்கும் என்று யாரும் காகிதம் கொடுக்கவில்லை. ஆனால் போடிமெட்டு டிரைவர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது: ஏறின கியரிலேயே இறங்கு. எந்த வளைவை இரண்டாவது கியரில் ஏறினாயோ அந்த வளைவை இரண்டாவது கியரிலேயே இறங்க வேண்டும். மூன்றாவதுக்குப் போனால் வேகம் கூடும். வேகத்தைப் பிரேக்கால் பிடிக்க வேண்டியிருக்கும். பிடித்துக்கொண்டே இருந்தால் டிரம் சூடேறும். டிரம் சூட்டில் விரியும், லைனர் அதை எட்டிப் பிடிக்க இன்னும் தூரம் போக வேண்டும். பிரேக் எண்ணெய் கொதித்து ஆவி கட்டினால் பெடல் மெத்தையில் மிதித்தது மாதிரி உள்ளே போய்விடும். கருகின லைனரின் வாடை வந்தாலே அப்பா வண்டியை மலைப்பக்கமாக ஒதுக்கி, கட்டை கொடுத்து, அரை மணி நேரம் நிறுத்திவிடுவார். உள்ளே இருக்கிறவர்கள் எவ்வளவு அவசரப்பட்டாலும் கிளம்ப மாட்டார். டிரம்மில் தண்ணீர் ஊற்றவும் விட மாட்டார். சூட்டில் இருக்கிற வார்ப்பிரும்பு வெடித்துவிடும்.

உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் தோராயமாக 3 சதவீதச் சக்தியை இழக்கும், மேலே காற்று மெலிந்துபோவதால். மெட்டுக்குப் பக்கத்தில் பழைய டீசல் ஜீப்புகள் கரும்புகை கக்கியதற்கு இதுதான் காரணம். டீசல் அதே அளவு வரும், அதை எரிக்கக் காற்று போதாது. டிரைவர்கள் இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மேல் வளைவுகளில் ஒரு கியர் குறைத்து வைத்துக்கொண்டார்கள், கீழே ஏற்றும்போதே ஒரு மூட்டை குறைத்து ஏற்றினார்கள்.

இனி என் மருமகன். டென்வரில் ஒரு விற்பனை மைதானத்தில் நின்றுகொண்டு வீடியோவில் அழைத்தான். பின்னால் வரிசையாக பிக்கப்புகள். ஃபோர்டு எஃப்-150, ராம் 1500, செவர்லே சில்வராடோ 1500 என்று அங்கே எல்லோரும் வாங்குகிற அரை டன் வகை. ஒவ்வொன்றும் எங்கள் பழைய ஜீப் இரண்டை முழுங்கிவிடும் போலிருந்தது.

"மாமா, இது 13,000 பவுண்டு இழுக்கும்னு போட்டிருக்கான். நம்ம டிரெய்லர் சாமானெல்லாம் ஏத்தி 7,500 பவுண்டுதான் வருது. பாதிக்குக் கொஞ்சம் மேல. தாராளமா இழுக்கும்ல?"

"இழுக்கும் மாப்ள. தாங்குமான்னு பாரு. டிரைவர் பக்கத்துக் கதவத் தெற. அந்தத் தூண்ல ஒரு சீட்டு ஒட்டியிருப்பான். ஆளும் சாமானும் சேத்து எம்புட்டு ஏத்தலாம்னு அதுல இருக்கும், படி."

படித்தான். 1,500 பவுண்டு. நம் கணக்கில் 680 கிலோ.

அதை வைத்துக்கொண்டு இருவரும் கணக்குப் போட்டோம். டிரெய்லர் 3,400 கிலோ. அதன் எடை முழுக்க அதன் சக்கரங்களிலேயே நிற்காது. ஒரு பங்கு, கொக்கி வழியாக இழுக்கிற வண்டியின் பின்பக்கத்தில் வந்து உட்காரும். இந்த வகை டிரெய்லருக்கு அந்தப் பங்கு நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து வரை இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கு. பன்னிரண்டரை என்று வைத்தால் 425 கிலோ. அவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 240 கிலோ. எடையைப் பங்கிட்டு முன் சக்கரத்துக்கும் அனுப்புகிற கொக்கிச் சட்டம் 40 கிலோ. பின் தொட்டியில் சைக்கிள், விறகு, ஐஸ்பெட்டி என்று 100 கிலோ. மொத்தம் 805. சீட்டில் இருப்பது 680. டிரெய்லரை இழுக்கிற கணக்கில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் திறமை மிச்சம் இருக்கிறது. தாங்குகிற கணக்கில் 125 கிலோ கூடிப்போய்விட்டது. ஒரே வண்டி, ஒரே பயணம்.

அந்த 13,000 எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கம்பெனிகள் எஸ்.ஏ.இ. ஜே2807 என்கிற ஒரு பொது முறையில் இழுவை எண்ணைக் கணக்கிடுகின்றன. அதில் பெரிய பரீட்சை அரிசோனாவில் டேவிஸ் அணைக்குப் பக்கத்து ஏற்றத்தில் நடக்கிறது. சுமார் 18 கிலோமீட்டரில் 900 மீட்டர் உயரம், வெயில் காலம், ஏ.சி. முழுதாக ஓட வேண்டும். வேகம் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே விழக்கூடாது. கிட்டத்தட்ட நம் போடிமெட்டு உயரம்தான், வளைவுகள் மட்டும் இல்லை. கடுமையான பரீட்சை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் வண்டிக்குள் ஓட்டுகிறவரும் பக்கத்தில் ஒருவரும், ஆளுக்கு 68 கிலோ என்றுதான் கணக்கு. பின் சீட்டில் பிள்ளைகள் இல்லை, தொட்டியில் விறகும் சைக்கிளும் இல்லை. குடும்பம் அப்படியா போகும்?

அவன் குடியிருக்கிற ஊருக்கு மேற்கே ஐ-70 நெடுஞ்சாலை ஐசனோவர் சுரங்கப்பாதைக்கு ஏறுகிறது. உயரம் 3,400 மீட்டர் அளவில். நம் மெட்டைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே. சுரங்கத்தைத் தாண்டியதும் மேற்கே 7 சதவீதச் சரிவில் ரோடு விழுகிறது. நூறு மீட்டர் போனால் ஏழு மீட்டர் கீழே. பிரேக் போன லாரிகள் ஏறிப் புதைந்து நிற்பதற்கென்று சரளைக்கல் பாதைகள் அங்கே ஓரத்தில் அமைத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பாதைகளை எதற்கு அமைத்தார்கள் என்பதை யோசித்தால் எந்த வண்டி வாங்குவது என்பதில் பாதி முடிவாகிவிடும்.

இன்றைய வண்டிகளில் டர்போ இருப்பதால் உயரத்தில் மூச்சு வாங்குவது குறைவு. ஏற்றம் பெரிய கவலையில்லை. இறக்கத்தில்தான் மூன்று விஷயம் பார்க்கச் சொன்னேன். ஒன்று, எஞ்சின் பிடித்து இறங்குமா. பெட்ரோல் எஞ்சினில் காற்றுக் கதவை மூடினால் எஞ்சின் தானாக இறுகிப் பிடிக்கும். டீசலில் அந்தக் கதவு வேலை செய்கிற விதம் வேறு, வெறும் டீசல் அத்தனை பிடிக்காது. அதற்காகத்தான் அங்கே பெரிய டீசல் பிக்கப்புகளில் புகைக்குழாயை நெரித்துப் பிடிக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் வைக்கிறார்கள். மலை மாநிலத்தில் டீசல் எடுத்தால் அது இல்லாமல் எடுக்கக்கூடாது. இரண்டாவது, டிரெய்லருக்குத் தனி பிரேக். அங்கே டிரெய்லர் சக்கரங்களில் மின்சார பிரேக் இருக்கும். அதை ஓட்டுகிறவர் கையிலிருந்தே தனியாகவும் போடலாம். கொக்கி கழன்றுவிட்டால் தானாகவே பிடித்துக்கொள்கிற ஒரு கம்பியும் உண்டு. நம் பக்கம் டிராக்டருக்குப் பின்னால் ஓடுகிற டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே இருக்காது என்பதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. மூன்றாவது, நீளம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே தூரம் கூடக் கூட, டிரெய்லர் வண்டியை ஆட்டுவது குறையும்.

இந்த ஆட்டம் பற்றித்தான் அவனிடம் அதிக நேரம் பேசினேன். டிரெய்லரின் பின்பக்கம் கனத்துப்போய், கொக்கியில் எடை குறைந்துவிட்டால், ஒரு காற்று அடித்தால் போதும், டிரெய்லர் வால் வீசத் தொடங்கும். வீச்சு ஒவ்வொரு தடவையும் பெரிதாகும். அப்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பித் திருத்தப் பார்த்தால் வண்டியே கவிழும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டரை விட்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் போட வேண்டும். பின்னால் இழுத்துப் பிடித்ததும் நேராகிவிடும். ஐரோப்பாவில் சாதாரணக் கார்களே டிரெய்லர் வீட்டை இழுக்கின்றன, கொக்கியில் எடையும் குறைவாகத்தான் வைக்கிறார்கள். அது எப்படி முடிகிறதென்றால் அங்கே வீடும் சிறியது, டிரெய்லரோடு போகிற வேகத்துக்கும் பல நாடுகளில் தனி வரம்பு உண்டு.

காற்று என்றதும் போடி இலவம்பஞ்சு லோடுகள் நினைவுக்கு வந்தன. பஞ்சு லாரி எடையில் ஒன்றுமே இல்லை. ஆனால் உயரமும் அகலமுமாகப் பொதி கட்டியிருப்பதால் சமவெளியில் எதிர்க்காற்றில் திணறும். டிரைவர்களுக்கு ஏலக்காய் மூட்டை லோடைவிடப் பஞ்சு லோடில் டீசல் செலவு அதிகம். டிரெய்லர் வீட்டுக்கும் அதே கதை. மேட்டில் அதன் எடை தெரியும். நெடுஞ்சாலையில் அதன் முகம் தெரியும். சுவர் மாதிரி காற்றைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். எந்த பிக்கப்பாக இருந்தாலும் மைலேஜ் பாதிக்குப் பக்கத்தில் விழுந்துவிடும்.

அவனுக்கு இரண்டு வழி இருந்தது. முக்கால் டன் வகைக்குப் போகலாம்: எஃப்-250, ராம் 2500, சில்வராடோ 2500. பட்டை, அச்சு, பிரேக் எல்லாம் கனம். ஆனால் அதிலும் டீசல் எடுத்தால், அந்த எஞ்சினின் எடையே பெரிது. அது நாம் ஏற்றுகிற சுமையிலிருந்து கழிந்துவிடும் என்பதைக் கதவுச் சீட்டில் பார்த்துத்தான் வாங்க வேண்டும். விலையும் கூடும், மற்ற நாட்களில் அவ்வளவு பெரிய வண்டியில்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டும். இன்னொரு வழி, வீட்டைச் சிறிதாக்குவது. நான் அதைத்தான் சொன்னேன், அழுத்தியே சொன்னேன். "மாப்ள, உங்க தாத்தா ஜீப்புல ஏறுன குடும்பங்க ஒரு அடுப்பு, ரெண்டு பாயோட ஆறு மாசம் இருந்துட்டு வந்தாங்க. நாலு நாளைக்கு உனக்கு எதுக்கு மூணரை டன் வீடு?" அவன் மனைவி பக்கத்திலிருந்து சிரித்த சத்தம் கேட்டது. இப்போது சாமானோடு 2,000 கிலோ வருகிற ஒரு சின்ன டிரெய்லரைப் பார்த்திருக்கிறார்கள். கொக்கியில் 250 கிலோ, மற்றதெல்லாம் 380, மொத்தம் 630. அதே அரை டன் வண்டி தாங்கும், 50 கிலோ மிச்சமும் இருக்கும்.

இந்த ஆசை நம் மலைக்கும் வந்துவிட்டது. கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது; 2022 பிப்ரவரியில் வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. வாகமண் இடுக்கி மாவட்டம். நம் ஆட்கள் காயெடுக்கப் போகிற அதே மாவட்டம். நம் பக்கம் இனி வரப்போகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவைக்கிறேன்: எஞ்சினும் வீடும் ஒரே வண்டியாக இருக்கிற கேரவன் நம் வளைவுகளுக்குப் பொருந்தும். தனியாக மாட்டி இழுக்கிற டிரெய்லர் கொண்டை ஊசி வளைவில் இழுக்கிற வண்டியின் தடத்தில் வராது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். நீளமான லாரிகளே எதிர்வண்டியை நிறுத்திவைத்துத்தான் போடிமெட்டு வளைவை எடுக்கின்றன.

இன்றைக்குத் தேவாரம் கடைவீதியில் நின்று பார்த்தால் பிக்கப்புக்குக் குறைவில்லை. பொலிரோ பிக்கப், டாடா யோதா, இசுசு டி-மேக்ஸ், குட்டியானை. தோட்ட முதலாளிகள் சிலர் வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் என்று நாலு சக்கரம் இழுக்கிற வண்டிகளில் போகிறார்கள். சரக்கு வண்டிகளில் பெரும்பாலானவை பின் சக்கரம் மட்டும் இழுப்பவை. லோ கியர் கிடையாது. மெட்டுக்கு மேலே ரோடு அகலமாகிவிட்டதால் அது தேவைப்படாது என்கிறார்கள். தோட்டத்துக்குள் போகிற மண்பாதைக்கு மட்டும் இன்னமும் பழைய ஜீப்தான். விலை கொடுத்துத் தேடி வாங்கி, சேஸிலிருந்து புதிதாகக் கட்டி ஓட்டுகிறார்கள். பிக்கப் வாங்குகிற பையன்கள் முதலில் கேட்பது முன்பணம் எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு. அதில் தப்பில்லை, கடன் வாங்கித்தான் பிழைக்க வேண்டும். ஆனால் 1,700 கிலோ ஏற்றலாம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிற வண்டியில், வாங்கின வாரமே பின்னால் இரண்டு பட்டை சேர்த்துவிடுகிறார்கள். பட்டை சேர்த்தால் வண்டி குனியாது, அவ்வளவுதான். டிரம் அதே டிரம். அச்சு அதே அச்சு. டயர் அதே டயர். குனிந்திருந்தால், "போதும், நிறுத்து" என்று சொல்லியிருக்கும். இப்போது அந்த வாயையும் அடைத்துவிட்டோம்.

எழுத்தில் ஒரு எண்கூடக் கையில் இல்லாத காலத்தில் மேஸ்திரி நகத்தால் தடவி அளவு கண்டுபிடித்தார். இன்றைக்குக் கதவிலும் ஆர்.சி. புத்தகத்திலும் எல்லா எண்ணும் அச்சடித்து இருக்கிறது.

பிக்கப்பைவிட எனக்குப் பெரிய கவலை, விடியற்காலையில் கிளம்புகிற ஆள் ஜீப்புகள். இப்போது லயத்தில் தங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இருட்டோடு எழுந்து சோறாக்கி, தூக்குப்போசியில் கட்டிக்கொண்டு, மலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். பத்துப் பேர் உட்காரக்கூடிய ஜீப்பில் அதைவிட எத்தனையோ பேர். ஒருவர் மடியில் ஒருவராகப் போவதை நான் பார்க்கிறேன். சாயங்காலம் களைத்துப்போய்த் தூங்கிக்கொண்டே இறங்குவார்கள். டிரைவரும் காலையில் அவர்களுக்கு முன்னால் எழுந்தவர்தான். ஆள் கணக்கில் கூலி வாங்குகிறவரிடம் ஆளைக் குறை என்றால் அவர் வயிற்றில் கை வைக்கிற பேச்சு. ஆளைக் கூப்பிடுகிற தோட்டங்கள் நடைக்கு இவ்வளவு என்று ஜீப்புக்கு வாடகை கொடுத்தால், கூட்டி ஏற்ற வேண்டிய அவசியம் டிரைவருக்கு இருக்காது. இரண்டு மாநில அரசுகளும் பேசி, காயெடுப்புச் சீசனிலாவது தேவாரத்திலிருந்தும் கோம்பை, பண்ணைப்புரத்திலிருந்தும் மெட்டு ஏறுகிற பஸ்களை விடியற்காலையில் விடலாம். ஏலக்காய் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போகிற காலம் இது. அதைப் பறிக்கிற கையைப் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்குகிற செலவு அந்த விலைக்குள் அடங்காதா?

மருமகனுக்கு அடுத்த வேலை எடைமேடை. அங்கே லாரிகள் நிற்கிற டிரக் ஸ்டாப்புகளில் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூன்றையும் தனித்தனியாகக் காட்டுகிற எடைமேடைகள் உண்டு. சாமானெல்லாம் ஏற்றி, பிள்ளைகளையும் உட்கார வைத்து, டிரெய்லரோடு ஒரு தடவை, டிரெய்லரைக் கழற்றிவிட்டு ஒரு தடவை எடை போடச் சொல்லியிருக்கிறேன். இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொக்கியில் எவ்வளவு உட்காருகிறது, முன் சக்கரம் எவ்வளவு தூக்குகிறது என்று தெரிந்துவிடும். முன் சக்கரத்தில் எடை குறைந்தால் ஸ்டியரிங் லேசாகும், பிரேக்கும் பிடிக்காது.

நம் பக்கமும் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. தேங்காய்க்கும் மாங்காய்க்கும் போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் புதிதாக பிக்கப் எடுத்த பையனை, உரமூட்டை ஏற்றி மேலே போகிற அன்றைக்கு அங்கே கூட்டிக்கொண்டு போனேன். முதலில் வண்டி முழுவதையும் ஏற்றி எடுத்தோம். பிறகு முன் சக்கரம் மேடையைத் தாண்டி நிற்க, பின் சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி இன்னொரு தடவை. இரண்டாவது சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அவன் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வந்தான். பின் அச்சுக்கு எழுதியிருந்ததை விரல் வைத்துப் படித்தான். எடைமேடைக்காரரிடம் நிழலில் கொஞ்சம் இடம் கேட்டு, ஐந்து மூட்டைகளை அங்கேயே இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினான். மறுநாள் காலையில் அந்த ஐந்தையும் தனியாக வந்து எடுத்துப் போனான்.